மொத்தக் கொள்முதலும் குடும்பச் சிக்கனமும்

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது நம் நாட்டுப் பழமொழி. செலவிடுவோன் கொள்ள வேண்டிய எச்சரிக்கையை இதனினும் சுருங்கச் சொல்லுதல் அரிது. ஆயினும் பொருளை வாங்கும்போது, எவ்வளவு வாங்கினால் ஆதாயம், எவ்வளவு வாங்கினால் நஷ்டம் என்பதை நம்மிற் பலர் அளந்து பார்ப்பதில்லை. சம்பாதிக்கும் வழிகளைப் பற்றிக் கல்லூரிகளில் பல பாடங்கள் கற்பிக்கப்படுகின்றன. சம்பாதித்ததைச் செலவிடும் முறையோ பெரும்பாலும் அவரவர் அனுபவத்திற்கே விடப்பட்டிருக்கின்றது. ஆகையால் குடும்பத்திற்கு வேண்டும் பண்டங்களை மொத்தமாக வாங்குவதால் உண்டாகும் நன்மை யாது, அதற்கு எல்லை யாது, அந்நன்மையை எளியவரும் அடையும் வழி யாது என்னும் மூன்றனையும் இக்கட்டுரையில் ஒருவாறு ஆராய்வோம்.

ஆவடியை அடுத்து, விமானப்படைத் தளத்தின் அருகே உள்ளது முத்தாபுதுப்பேட்டை. அங்கே ஒரே தெருவில் வாழும் இரண்டு குடும்பங்களை மனத்திற் கொள்வோம். ஒரு வீட்டார் படைப் பணியில் உள்ளவர். மாதச் சம்பளம் வந்ததும் கான்டீனுக்குச் சென்று, அந்த மாதத்திற்கு வேண்டிய சாமான்களை ஒரே முறையில் வாங்கி வருவர். அடுத்த வீட்டார் கட்டட வேலை செய்து நாள்தோறும் கூலி பெறுபவர். மாலையில் வேலை முடிந்து திரும்பும் வழியில், அன்றிரவுக்கும் மறுநாள் காலைக்கும் வேண்டிய பருப்பையும் எண்ணெயையும் சிறு சிறு பொட்டலங்களாக வாங்குவர். முன்னவரைவிடப் பின்னவர் வருவாய் குறைந்தவர். ஆயினும் அதே பருப்புக்குப் பின்னவரே அதிக விலை கொடுக்கின்றார். இது நியாயமன்று என்று நெஞ்சம் சொல்லும். ஆயினும் உலகெங்கும் நிகழ்வது இதுவே. இதன் காரணத்தை அறிந்தாலன்றிப் பரிகாரம் தேட இயலாது.

மொத்தமாக வாங்கும் பண்டம் மலிவாவதற்குக் காரணங்கள் பல. முதலாவது, வேலைக் குறைவு. ஒரு மூட்டையைப் பிரித்து நூறு பொட்டலங்களாக நிறுத்துக் கட்டுவதற்கு ஆளும் நேரமும் உறையும் வேண்டும்; மூட்டையை அப்படியே விற்பவனுக்கு இச்செலவு இல்லை. இரண்டாவது, சிந்திச் சிதறும் இழப்பு. ஒவ்வொரு முறை நிறுக்கும்போதும் சிறிது கீழே விழும், சிறிது கோணியில் ஒட்டும். சில்லறை வியாபாரி இவற்றையெல்லாம் விலையில் ஏற்றியே விற்பான். மூன்றாவது, முதல் முடங்கும் காலம். மூட்டையை ஒரே நாளில் விற்றவன் அப்பணத்தைக் கொண்டு மறுநாளே மற்றொரு மூட்டை வாங்குவான். பொட்டலமாக விற்பவனுடைய முதலோ பல நாள் கடையிலேயே தங்கிக் கிடக்கும். நான்காவது, கடன். தெருமுனைக் கடைக்காரர் கணக்குப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு கடனுக்குக் கொடுப்பவர். திரும்பி வாராத கடனின் சுமையையும் திருப்பிக் கொடுப்பவரே தாங்க வேண்டியவராகின்றனர். ஆதலால் சில்லறைக் கடைக்காரர் அனைவரையும் பேராசைக்காரர் என்று பழித்தல் தகாது. அவர் செய்யும் வேலைக்கும் ஏற்கும் இடருக்கும் கூலி உண்டன்றோ? அக்கூலியைக் கொடாமல் தப்ப விரும்புவோர், அவ்வேலையையும் அவ்விடரையும் தாமே ஏற்க வேண்டும். மொத்தக் கொள்முதலின் தத்துவம் இதுவே.

இத்தத்துவம் மேல்நாட்டிலிருந்து வந்த புதுமை அன்று. நம் பாட்டிமார் "வருஷ சாமான்" என்று வழங்கியது இதனையே. தை மாதத்தில் சம்பா நெல் களத்திலிருந்து வீட்டுக்கு வரும். அது பத்தாயத்திலும் குதிரிலும் நிரப்பப்படும். மாசி, பங்குனியில் புளி வரும். அதை ஓடும் நாரும் கொட்டையும் நீக்கி, உப்பிட்டுச் சாடியில் அடைப்பர். கோடை வெயிலில் மிளகாய் காயும்; பருப்பும் பயறும் முற்றத்தில் உலரும். அறுவடைக்குப் பின் சந்தையில் பண்டம் மிகுந்து விலை இறங்கியிருக்கும் காலமும், பண்டத்தை நன்கு உலர்த்துவதற்கேற்ற வெயிற் காலமும் ஒன்றாக அமைந்திருத்தலை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வழி மறிக்கப்பட்டு விலை ஏறும்போது, அவர்கள் வீட்டு அடுப்பு விலையைப் பற்றிக் கவலையின்றி எரிந்தது.

இனி இக்காலத்திற்கு ஏற்ப ஒரு கணக்கிட்டுப் பார்ப்போம். இங்குக் கூறும் விலைகள் எடுத்துக்காட்டுக்காகக் கொண்டவையே. 100 கிராம் துவரம் பருப்புப் பொட்டலம் 20 ரூபாய். 1 கிலோப் பை 180 ரூபாய். 5 கிலோப் பை 850 ரூபாய் என்று கொள்வோம். பொட்டலமாக வாங்குவோருக்கு ஒரு கிலோ 200 ரூபாய் ஆகின்றது. பெரிய பை வாங்குவோருக்கு 170 ரூபாய் ஆகின்றது. வித்தியாசம் 30 ரூபாய். அதாவது, பின்னவர் கொடுப்பதினும் முன்னவர் ஆறிலொரு பங்குக்கு மேல் அதிகமாகக் கொடுக்கின்றார். இது ஒரு பண்டத்திற்கு மட்டுமே. எண்ணெய், சர்க்கரை, மிளகாய், சோப்பு, சலவைத்தூள் என இவ்வாறு கூட்டிக்கொண்டே போனால், ஆண்டு முடிவில் ஒரு பிள்ளையின் புத்தகச் செலவுக்கு ஆகும் தொகை மிஞ்சக்கூடும்.

ஆனால் கணக்கு இங்கே முடிந்துவிடவில்லை. மாதம் 1 கிலோ செலவிடும் குடும்பம் ஒன்று, 5 கிலோப் பையை ஒரே முறையில் வாங்குகின்றது என்று வைத்துக்கொள்வோம். மாதந்தோறும் 180 ரூபாய் கொடுத்திருந்தால் ஐந்து மாதத்தில் 900 ரூபாய் ஆகியிருக்கும். இப்போது 850 ரூபாயே ஆயிற்று. ஆதாயம் 50 ரூபாய். ஆயின் முதல் மாதத்தில் 670 ரூபாய் முன்கூட்டியே முடங்கியது. இரண்டாம் மாதத்தில் 490, மூன்றாம் மாதத்தில் 310, நான்காம் மாதத்தில் 130 ரூபாய் அவ்வாறே முடங்கின. அப்பணம் நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டிக்கு வாங்கிய கடனாயின், வட்டி மட்டும் 32 ரூபாய் ஆகும். ஆதாயம் 18 ரூபாயாகச் சுருங்கும். நூற்றுக்கு மாதம் 5 ரூபாய் வட்டியாயின், வட்டி 80 ரூபாய் ஆகும். 50 ரூபாய் மிச்சப்படுத்தப் போய் 30 ரூபாய் இழந்தவராவோம். ஆகையால், கடன்பட்டு மொத்தமாக வாங்குதல் சிக்கனம் அன்று என்பது இக்கணக்கால் நன்கு விளங்கும்.

அன்றியும் அப்பருப்பில் ஒரு பகுதி கெட்டுப்போவதாகக் கொள்வோம். 850 ரூபாய்க்குச் சில்லறை விலையில் ஏறக்குறைய 4 கிலோ 720 கிராம் கிடைக்கும். ஆதலின் பெரிய பையில் 280 கிராம், அதாவது கால் கிலோவுக்குச் சற்று மேல், வண்டுக்கு இரையானால் ஆதாயம் முழுவதும் ஒழிந்தது. அதற்கு மேல் கெடுவதெல்லாம் நஷ்டமே. எனவே மொத்தமாக வாங்குபவர் காக்கும் முறையையும் அறிந்திருத்தல் வேண்டும்.

நெடுநாள் வைத்தற்கு உரியவை எவை, ஆகாதவை எவை என்பதை இங்குச் சுருக்கமாகக் காண்போம். உப்பும் சர்க்கரையும் ஈரம் படாமல் வைத்தால் கெடுவதில்லை. புளி உப்புடன் சாடியில் ஓராண்டு நிற்கும். அரிசி பழகப் பழகச் சோறு குழையாமல் உதிரியாக வரும். ஆதலால் பழைய அரிசியைச் சிலர் விரும்பித் தேடி வாங்குவர். குளிக்கும் சோப்பைப் பெட்டியிலிருந்து எடுத்துக் காற்றாட அடுக்கி வைத்தால் ஈரம் வற்றி இறுகும். இறுகிய சோப்பு விரைவில் கரையாது. இவை மொத்தமாக வாங்கத்தக்கவை. காப்பிப் பொடியோ திறந்த நாள் முதல் மணம் இழக்கும். எண்ணெய் வெயிலும் காற்றும் பட்டால் சிக்கு நாற்றம் அடையும். ஆதலால் பெரிய தகரத்தில் வாங்கினால் சிறு பாத்திரங்களில் வாய்நிறைய ஊற்றி, மூடி, இருளான இடத்தில் வைத்தல் வேண்டும். அரைத்த மாவும் பொடித்த மசாலையும் முழுத் தானியத்தையும் முழுச் சரக்கையும் போல நிற்பதில்லை. ஆகவே அவற்றை முழுதாக வாங்கி, வேண்டியபோது அரைத்துக்கொள்வதே நலம்.

அரிசி வண்டு தன் முட்டையை அரிசியைத் துளைத்து உள்ளேயே வைத்து மூடிவிடும். அதனால் வாங்கும்போது குற்றமற்றதாகத் தோன்றும் அரிசியிலிருந்து, சில வாரங்கள் கழித்து வண்டு புறப்படுகின்றது. மூட்டை வந்தவுடன் உலர்ந்த பாத்திரத்திற்கு மாற்றி இறுக மூடுவதும், பழைய அரிசி தீரும் முன்னர்ப் புதியதை அதன்மேல் கொட்டாதிருப்பதும் முதற் காவலாம். பயற்றைத் தாக்கும் வண்டு முழுப் பயற்றிலே பெருகும் அளவு உடைத்த பருப்பில் பெருகுவதில்லை. அதனாலேயே நம் முன்னோர் முழுத் துவரைக்குச் செம்மண் கட்டி வெயிலில் உலர்த்தினர். சிலர் பருப்பில் விளக்கெண்ணெய் தடவி வைத்தனர். தானியத்தின் மேற்பரப்பில் படிந்த எண்ணெய், பூச்சி முட்டையிடுவதைத் தடுக்கும் என்பது பிற்கால ஆராய்ச்சியாலும் உறுதிப்பட்டது. சென்னையைச் சூழ்ந்த ஊர்களில் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சுவரெல்லாம் ஈரமாயிருக்கும். அக்காலத்தில் மூட்டையைத் தரையில் வையாது, பலகையின் மேல், சுவரை விட்டு விலக்கி வைத்தல் வேண்டும்.

இன்னொரு நஷ்டம் கண்ணுக்குப் புலப்படாதது. பண்டம் நிறைய இருந்தால் கை தாராளமாக அள்ளும். சிறு புட்டியிலிருந்து துளித் துளியாக ஊற்றிய அதே கை, பெரிய தகரத்திலிருந்து ஊற்றும்போது அளவை மறக்கின்றது. இதற்கு மருந்து, மாதத்திற்கு வேண்டிய அளவை முதல் நாளே அளந்து சிறு பாத்திரத்தில் எடுத்து வைத்து, பெரியதை மூடி ஒதுக்கிவிடுதலே.

பெரிய பை எப்போதும் மலிவு என்று நம்புவதும் பிழை. நம் தமிழ்நாடே இதற்குச் சான்று. தலைக்கு இடும் ஷாம்புவைச் சிறு பாக்கெட்டில் அடைத்து எளியவர் கைக்கு எட்டச் செய்ததில் கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் முன்னோடியாகப் போற்றப்படுகின்றார். போட்டியின் மிகுதியால், அச்சிறு பாக்கெட்டுகளில் ஒரு மில்லி லிட்டருக்கு ஆகும் விலை, பெரிய புட்டியில் ஆவதினும் பல வேளைகளில் குறைவாக இருக்கக் காண்கின்றோம். ஆகையால் பையின் பருமனை நோக்காமல் அலகு விலையை நோக்குதல் வேண்டும். 2021-ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட மத்திய அரசின் விதிகள், உறையிட்ட பண்டங்களின்மேல் மொத்த விலையோடு அலகு விலையையும் அச்சிடப் பணிக்கின்றன. அவ்வெழுத்து சிறிதாயினும் அதைத் தேடிப் படிப்பவர்க்கு ஊதியம் உண்டு. வரியும் சில வேளை பையின் அளவை மாற்றும். 2022-ஆம் ஆண்டு ஜூலை 18 முதல், 25 கிலோவுக்கு மேற்படாத உறையிட்ட அரிசிக்கு நூற்றுக்கு 5 வீதம் வரி விதிக்கப்பட்டபோது, 26 கிலோ மூட்டைகள் நம் கடைகளில் தோன்றியதைப் பலரும் கண்டிருப்பர்.

போக்குவரவுச் செலவையும் மறத்தலாகாது. முத்தாபுதுப்பேட்டையில் வாழ்பவர் அரிசிக்குச் செங்குன்றத்தையும், மற்றப் பண்டங்களுக்குச் சென்னைப் பெருஞ்சந்தைகளையும் நாடலாம். ஆயினும் ஒரு சிறு குடும்பத்திற்கு வேண்டியதை மட்டும் வாங்கி ஆட்டோவில் ஏற்றி வந்தால், விலையில் மிஞ்சியது வாடகையிற் கரைந்துவிடும். ஒரு நாட் கூலியை இழந்து சந்தைக்குப் போவோருக்கு நஷ்டம் இன்னும் மிகுதி.

இப்போது நாம் தொடக்கத்திற் கண்ட அந்த இரண்டாம் வீட்டுக்குத் திரும்புவோம். கையில் முதல் இல்லை. வைக்க இடம் இல்லை. சந்தைக்குப் போக நேரமும் இல்லை. "மொத்தமாக வாங்கு" என்று அவர்க்கு உபதேசிப்பது, பசித்தவனைப் பார்த்து "விருந்து உண்" என்று சொல்வதற்கு ஒப்பாகும். அவர் தனியே செய்ய இயலாததைப் பலர் கூடிச் செய்யலாம் என்று கண்டதே கூட்டுறவு.

இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில், 1844-ஆம் ஆண்டில், பெரும்பாலும் நெசவாளரும் பிற தொழிலாளருமாகிய 28 பேர், ஆளுக்கு ஒரு பவுன் வீதம் அரிதிற் சேர்த்து, அவ்வாண்டு டிசம்பர் 21-ஆம் நாள் ஒரு சிறு கடை திறந்தனர். அங்கிருந்த சரக்கு மாவு, வெண்ணெய், சர்க்கரை முதலிய சிலவே. ஆயினும் அவர்கள் வகுத்த விதிகள் சிறந்தவை: ரொக்கத்திற்கே விற்றல்; கலப்படமற்ற சரக்கைச் சரியான நிறையில் கொடுத்தல்; பங்கு எத்தனையாயினும் ஒருவருக்கு ஒரு வாக்கு; ஆதாயத்தை அவரவர் வாங்கிய அளவுக்கேற்பத் திருப்பிக் கொடுத்தல். இவற்றைப் பின்பற்றியே உலகெங்கும் இத்தகைய பண்டகசாலைகள் பிற்காலத்தில் எழுந்தன.

நம் சென்னை நகரும் இதில் பின்தங்கவில்லை. 1904-ஆம் ஆண்டில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றிற்று. இந்தியாவின் மிகப் பழைய நுகர்வோர் கூட்டுறவுச் சங்கங்களுள் அது முதன்மையாக எண்ணப்படுகின்றது. அதனைத் தொடங்கியவர்களுள், அந்நாளில் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராயிருந்த வி. எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரியாரும் ஒருவர். அரசியல் மேடைகளில் வெள்ளி நாவினர் என்று பிற்காலத்தில் புகழப்பட்ட அப்பெரியார், அரிசி, பருப்பு விலையைப் பற்றிச் சிந்திப்பதை இழிவாகக் கருதவில்லை என்பதை மாணவர்கள் கருத்திற் கொள்ளுதல் நலம். அதே 1904-ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் இயற்றிய சட்டம் கடன் கொடுக்கும் சங்கங்களையே கருதியது. 1912-ஆம் ஆண்டுச் சட்டமே மற்ற வகைச் சங்கங்களுக்கும் இடம் கொடுத்தது. ஐக்கிய பண்டகசாலை என்று முன்னாளில் வழங்கிய கடைகள் பின்னர் மாகாணமெங்கும் பரவின.

படையினருக்கென 1948-ஆம் ஆண்டில் அமைந்த கான்டீன் பண்டகத் துறையும் மொத்தக் கொள்முதலின் ஆற்றலுக்குச் சான்றாகும். நாடெங்குமுள்ள படையினர் அனைவருக்குமாக ஒரே துறை பேரம் பேசுவதால், உற்பத்தியாளர் விலையைக் குறைக்கின்றனர். வரிச் சலுகையும் அதனுடன் சேர்கின்றது. அவ்வாறே 1972-ஆம் ஆண்டில் தோன்றிய தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் பெருவாரியாகக் கொள்முதல் செய்யும் பண்டங்கள், நியாயவிலைக் கடைகளின் வாயிலாக எளியவர் இல்லங்களை அடைகின்றன. அக்கடைகளிற் பெரும்பாலானவற்றைக் கூட்டுறவுச் சங்கங்களே நடத்துகின்றன. எனினும் அங்குக் கிடைப்பவை சில பண்டங்களே. அவற்றிற்கும் அளவு உண்டு. எஞ்சிய தேவைக்கு வழி யாது?

ஒரு தெருவில் ஐந்து குடும்பங்கள் ஒன்றுகூடினால் போதும். 15 லிட்டர் எண்ணெய்த் தகரம் ஒன்று 2,550 ரூபாய் என்றும், சில்லறையில் லிட்டர் 180 ரூபாய் என்றும் கொள்வோம். ஐவரும் ஆளுக்கு 510 ரூபாய் இட்டால், ஆளுக்கு 3 லிட்டர் கிடைக்கும். சில்லறையில் 540 ரூபாய் ஆகியிருக்கும். ஆதாயம் 30 ரூபாய். 510 ரூபாயை ஒரே நாளில் எடுத்து வைக்க நாட்கூலி பெறுவோரால் இயலாது. ஆயின் மாதம் முழுதும் நாள்தோறும் 17 ரூபாய் ஒருவரிடம் சேர்த்து வந்தால் 30 நாளில் அத்தொகை கூடிவிடும். சீட்டுக் கட்டும் பழக்கம் நம் பெண்மணிகளுக்குப் புதிதன்று. அதே ஒழுங்கைச் சாமான் வாங்குவதற்கும் பயன்படுத்தலாகும். வாங்கியதைத் தங்கவைக்க வேண்டுவதில்லை. வந்த அன்றே பங்கிட்டுவிடுவதால் இடமும் தேவையில்லை, கேடும் இல்லை.

இத்தகைய முயற்சிகள் கெடுவது பெரும்பாலும் பணக் குறைவினால் அன்று, நம்பிக்கைக் குறைவினாலேயாம். ஆதலின் சில விதிகளை முதலிலேயே ஏற்படுத்திக்கொள்ளுதல் வேண்டும். தொடக்கத்தில் இரண்டு மூன்று பண்டங்களுக்கு மேல் எடுத்துக்கொள்ளலாகாது. பணம் கட்டியவர்க்கே பங்கு. உறவினராயினும் கடன் இல்லை. வாங்கிய ரசீதை அனைவரும் பார்க்கக் கொடுத்தல் வேண்டும். பங்கிடும்போது தராசு நடுவில் இருக்க வேண்டும். குறைந்தது இருவர் உடனிருக்க வேண்டும். சந்தைக்குச் சென்று வந்தவரது ஆட்டோ வாடகையைப் பொதுக்கணக்கிலேயே எழுத வேண்டும். நாணத்தால் அவர் கேளாதிருப்பார், பின்னர் அடுத்த மாதம் போகாதிருப்பார். இவை சிறியனவாகத் தோன்றினும், பல சங்கங்கள் சரிந்தது இத்தகைய சிறு வழுக்களாலேயே.

விடுதியில் வாழும் மாணவர்க்கு இதில் ஒரு நல்ல பயிற்சி உண்டு. மாதச் செலவைக் கூட்டி வகுத்துப் பங்கிடும் முறை பல கல்லூரி விடுதிகளில் நிலவுகின்றது. ஆயினும் மாத முடிவில் தொகையைக் கண்டு முணுமுணுப்பவர் பலர். கணக்கை வாங்கிப் படிப்பவர் சிலரே. கிடங்கில் எவ்வளவு அரிசி புகுந்தது, எவ்வளவு வெளிவந்தது, எவ்வளவு எச்சிலிலையிற் போயிற்று என்று ஒரு மாதம் கவனித்த மாணவன், பொருளாதார நூலின் பல அதிகாரங்களைத் தன் கையாலேயே கற்றவனாவான். பழைய மாணவர்களாகிய அன்பர்கள் தாம் வாழும் தெருக்களில் இத்தகைய சிறு கூட்டங்களுக்குக் கணக்கெழுதும் பணியை ஏற்றால், அது பெரிய தொண்டாகும். எழுதவும் கூட்டவும் அறிந்த ஒருவர் நேர்மையுடன் உடனிருத்தலே எளியவர்க்கு வேண்டுவது.

ஆகவே இதுகாறும் கூறியவற்றால், அலகு விலை அறிந்து வாங்குதலும், கெடாதவற்றையே மிகுதியாக வாங்குதலும், கடனுக்கு வாங்காமையும், வாங்கியதை அளந்து செலவிடுதலும், தனியே இயலாததைக் கூடிச் செய்தலும் சிக்கனத்தின் ஐந்து படிகள் என்பது விளங்கும். முதல் நான்கும் நம் வீட்டைக் காக்கும். ஐந்தாவது அடுத்த வீட்டையும் காக்கும். ஒரே தெருவில் வாழும் இருவருள் வறியவரே பருப்புக்கு அதிக விலை கொடுக்கும் நிலை மாற வேண்டுமானால், அவ்வைந்தாம் படியில் நம்மிற் சிலரேனும் ஏறி நின்று, மற்றவர்க்கும் கை கொடுத்தல் வேண்டும்.